திரையிலுள்ள பொத்தானும் தொழிற்கூடக் கணக்கும்

ஒரு நாட்டின் தொழில் உற்பத்தி இவ்வளவு என்று கூறும் புள்ளிவிவரம் பல படிகளைக் கடந்தே அரசின் மேசைக்கு வந்து சேருகிறது. தொழிற்சாலையின் மாத அறிக்கை, அதற்கு முன் பிரிவின் நாள் அறிக்கை, அதற்கும் முன் ஒவ்வொரு ஷிப்டின் கணக்கு என்று பின்னோக்கிச் சென்றால், அக்கணக்கின் ஊற்றுக்கண் ஓர் இயந்திரத்தின் அருகே நிற்கும் தொழிலாளியின் கையில் இருப்பது புலனாகும். இத்தனை பொருள்கள் முடிந்தன, இத்தனை பழுதாயின, இத்தனை நிமிடம் இயந்திரம் நின்றது என்று அவர் தெரிவிப்பதே பின்னர் வரும் எல்லாக் கணக்குகளுக்கும் மூலம். மூலத்தில் பிழை புகுந்தால், மேலே எத்தனை முறை கூட்டினாலும் அது திருந்தாது.

முற்காலத்தில் இத்தகவலை வேலை அட்டையில் பென்சிலால் எழுதினர். ஷிப்டு முடிந்ததும் எழுத்தர் ஒருவர் அட்டைகளைத் திரட்டிப் பேரேட்டில் ஏற்றினார். இன்று பல தொழிற்சாலைகளில் அட்டையின் இடத்தைக் கணிப்பொறி முனையம் பிடித்துள்ளது. இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு திரை. அதில் சில பொத்தான்கள். விரலால் தொட்டால் தகவல் பதிவாகிறது. திரையில் எந்தப் பொத்தான்கள் இருக்க வேண்டும், எவருக்கு எது தெரிய வேண்டும், எந்த நிலையில் எது இயங்க வேண்டும் என்பவற்றை நிரல் எழுதாமலேயே அட்டவணை வாயிலாகத் தேர்ந்தெடுத்து அமைக்கும் வசதியை இன்றைய உற்பத்தி மென்பொருள்கள் அளிக்கின்றன. இவ்வேலை பெரும்பாலும் கணிப்பொறிப் பிரிவின் சில்லறை வேலையாகக் கருதப்படுகிறது. உண்மையில் அது தொழிற்கூட நிருவாகத்தின் முக்கியமான முடிவுகளுள் ஒன்று என்பதையும், அம்முடிவில் தொழிலாளிக்கும் பங்கு இருக்க வேண்டும் என்பதையும் விளக்குவதே இவ்வுரையின் நோக்கமாகும்.

முனையத்தின் இடம்

முதலில் முனையம் எது, எது முனையம் அல்ல என்பதைத் தெளிவுபடுத்துதல் நன்று. இயந்திரத்தை நேரடியாக இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவி வேறு. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஒரு பிரிவு ரிலேக் கம்பிகளின் சிக்கலிலிருந்து விடுபட வழி தேடியபோது, 1969ஆம் ஆண்டில் மோடிகான் 084 என்னும் நிரல்வழிக் கட்டுப்பாட்டுக் கருவி அமெரிக்காவில் வந்தது. இன்று தொழிற்சாலைகளில் இயந்திரங்களை ஓட்டும் கருவிகள் அதன் வழி வந்தவையே. மறுமுனையில், கொள்முதல், இருப்பு, சம்பளம், விற்பனை ஆகியவற்றைக் கவனிக்கும் அலுவலகக் கணிப்பொறி இருக்கிறது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட அடுக்கே உற்பத்திச் செயலாக்க மென்பொருள். இவ்வடுக்குகளை வரையறுத்து, அவற்றிடையே தகவல் செல்லும் முறையை வகுத்த ஐ.எஸ்.ஏ.–95 என்னும் தரநூலின் முதற்பகுதி 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. பணித்தள முனையம் இந்த இடை அடுக்கின் வாசல்.

பற்சக்கரம் வெட்டும் ஒரு பிரிவை எடுத்துக்கொண்டால், முனையத்தின் அன்றாடப் பணி எளிதில் விளங்கும். தொழிலாளி தம் அடையாள அட்டையைக் காட்டி உள்ளே நுழைகிறார். அன்றைய வேலைகளின் பட்டியல் திரையில் தோன்றுகிறது. ஒன்றைத் தேர்ந்து ‘தொடங்கு’ என்பதைத் தொடுகிறார். வெட்டுக்கருவி தேய்ந்து இயந்திரம் நின்றால் ‘நிறுத்தம்’ என்பதைத் தொட்டுக் காரணத்தைக் குறிக்கிறார். முடிந்த எண்ணிக்கையையும் கழிக்கப்பட்ட எண்ணிக்கையையும் பதிகிறார். உதவி வேண்டுமானால் அழைக்கிறார். ஆக, ஏழெட்டுச் செயல்களுக்கு மேல் இல்லை. ஆயினும் மென்பொருளை விற்போர் அதில் நூற்றுக்கணக்கான வசதிகளை அடக்கித் தருகின்றனர். அவற்றுள் எதைத் திரைக்குக் கொண்டுவருவது, எதை மறைப்பது என்னும் கேள்வி இங்குதான் பிறக்கிறது.

பொத்தானின் வரலாறு தரும் பாடம்

கருவியை மனிதனுக்கு ஏற்ப அமைக்க வேண்டும் என்னும் கருத்து போர்க்காலத்தில் வலுப்பெற்றது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க விமானங்கள் சில, பத்திரமாகத் தரையிறங்கிய பின்னரும் சக்கரம் மடங்கிச் சேதமுற்றன. 1943ஆம் ஆண்டில் இதை ஆராய்ந்த உளவியலறிஞர் அல்ஃபோன்ஸ் சப்பானிஸ், சக்கரத்தை மடக்கும் விசையும் இறக்கை மடிப்பை இயக்கும் விசையும் ஒரே வடிவில் அருகருகே இருந்ததைக் கண்டார். பிழை விமானியின் கவனக்குறைவு என்று எழுதப்பட்டு வந்தது. உண்மையில் அது அமைப்பின் பிழை. ஒரு விசைக்குச் சக்கர வடிவிலும் மற்றொன்றிற்கு ஆப்பு வடிவிலும் கைப்பிடி பொருத்தப்பட்டதும் அக்குழப்பம் நீங்கியது.

1954ஆம் ஆண்டில் பால் ஃபிட்ஸ் மற்றோர் உண்மையை அளந்து காட்டினார். ஒரு குறியைக் கை சென்றடைய எடுக்கும் நேரம், குறியின் தொலைவு மிகுந்தால் கூடுகிறது. குறியின் அகலம் மிகுந்தால் குறைகிறது. பெரிய பொத்தானை அருகில் வைத்தால் விரைவாகவும் பிழையின்றியும் தொட முடியும் என்பது இதன் நடைமுறைப் பொருள்.

மூன்றாவது படி ஜெனீவாவில் நிகழ்ந்தது. செர்ன் ஆய்வுக்கூடத்தில் மாபெரும் துகள் முடுக்கி ஒன்றைக் கட்டியபோது, அதற்குத் தேவையான ஆயிரக்கணக்கான குமிழ்களையும் விசைகளையும் ஒரே அறையில் அடுக்க முடியாது என்பது தெரிந்தது. 1970களின் தொடக்கத்தில் ஃபிராங்க் பெக், பென்ட் ஸ்டம்ப் ஆகியோர் தொடுதிரையை இதற்குத் தீர்வாக உருவாக்கினர். திரையில் 16 பொத்தான்கள் இருந்தன; அவற்றின் பொருள் மட்டும் நிரலுக்கேற்ப மாறியது. 1976இல் அம்முடுக்கி இயங்கத் தொடங்கியபோது அதன் கட்டுப்பாட்டறையில் இத்தகைய திரைகளே பயன்பட்டன.

பொருள் மாறும் பொத்தான் என்பதே இன்றைய முனையத்தின் அடிப்படை. அதனால் விளைந்த நன்மை பெரிது. ஆனால் சப்பானிஸ் கண்ட ஆபத்து அதனுடன் மீண்டும் வந்துவிட்டது. இரும்பு விசையைக் கை தடவி அறியலாம். கண்ணாடித் திரையில் எல்லாப் பொத்தான்களும் கைக்கு ஒன்றே. ஆகவே முன்பு பொருளின் வடிவம் செய்த காவலை இனி அமைப்பவரின் கவனமே செய்ய வேண்டியிருக்கிறது.

எவருக்கு எது, எப்போது எது

பொத்தான்களைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்பது வழக்கமாக வேண்டும். முதலாவது, இது எவருடைய வேலை என்பது. இயந்திரத்தை ஓட்டுபவர், அதைச் செட்டிங் செய்பவர், தரம் பார்ப்பவர், மேற்பார்வையாளர் ஆகிய நால்வரும் ஒரே முனையத்தைத் தொடலாம். அவர்கள் காணும் திரை ஒன்றாக இருக்கத் தேவையில்லை. ஒருவர் எந்நாளும் பயன்படுத்தாத பொத்தானை அவர் திரையிலிருந்து நீக்கிவிடுதல் நலம்.

இரண்டாவது, இது எந்த நிலைக்கு உரியது என்பது. வேலை தொடங்காதபோது ‘முடி’ என்னும் பொத்தானுக்கு இடமில்லை. ஓடும்போது ‘தொடங்கு’ என்பதற்கு இடமில்லை. பொருந்தாத பொத்தானை மங்கலாகக் காட்டுவதா, அறவே மறைப்பதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. நடைமுறைக்கு ஏற்ற விதி இது: ஒருவருக்கு ஒருபோதும் உரியதல்லாததை மறைக்க வேண்டும், இப்போதைக்கு மட்டும் இயலாததை அதன் இடத்திலேயே மங்கலாக வைத்து, ஏன் இயலாது என்பதையும் கூற வேண்டும். ‘முதற்பொருள் சோதனை முடியவில்லை’ என்று திரை சொன்னால், தொழிலாளி அடுத்துச் செய்ய வேண்டியது அவருக்குத் தெரிகிறது. காரணம் கூறாத மங்கல் பொத்தான் அவரை மேற்பார்வையாளரைத் தேடி அலைய வைக்கிறது.

மூன்றாவது, இது எந்த இடத்தில் இருக்கிறது என்பது. ஒரு பொத்தான் எல்லாத் திரைகளிலும் ஒரே இடத்தில் இருத்தல் வேண்டும். சில நாள்களிலேயே தொழிலாளியின் கை படிப்பதை விட்டு, இடத்தை நினைவிற்கொண்டு செல்லத் தொடங்கிவிடும். மறைந்த பொத்தானின் இடத்திற்கு அடுத்த பொத்தான் தானாக நகர்ந்து வரும்படி அமைப்பதால்தான், ‘நிறுத்தம்’ என்று எண்ணி ‘முடி’ என்பதைத் தொடும் தவறுகள் நேர்கின்றன. திரும்பப் பெற முடியாத செயலுக்குரிய பொத்தானை அடிக்கடி தொடப்படும் பொத்தானிலிருந்து விலக்கி வைத்தல் வேண்டும். எல்லாவற்றிற்கும் ‘உறுதியா?’ என்று கேட்கும் திரை பயன் தராது. நாளொன்றுக்கு நூறு முறை கேட்கப்படும் கேள்விக்குக் கை தானாகவே ‘ஆம்’ என்று விடையளித்துவிடும்.

பணித்தளத்தின் இயல்பையும் கருத வேண்டும். தொழிலாளி நின்றுகொண்டே வேலை செய்கிறார். கையில் எண்ணெய் இருக்கும், அல்லது கையுறை இருக்கும். அழுத்தத்தை உணரும் திரை கையுறையுடன் இயங்கும். மின்தேக்கு முறையில் இயங்கும் திரை சாதாரணக் கையுறையை உணராது. அலுவலக மேசையில் அழகாகத் தோன்றிய சிறிய பொத்தான், பட்டறையில் இரண்டு பொத்தான்களாக அமுங்கும். நிறத்தை மட்டும் நம்புவதும் தவறு. ஆண்களில் சிலருக்குச் சிவப்பும் பச்சையும் வேறுபட்டுத் தெரிவதில்லை. எனவே நிறத்துடன் சொல்லும் வடிவமும் சேர்ந்தே பொருளை உணர்த்த வேண்டும்.

இவை யாவற்றிற்கும் மேலான ஒரு விதி உண்டு. அவசரமாக இயந்திரத்தை நிறுத்தும் விசையைத் திரையிலுள்ள படமாக மட்டும் வைக்கக் கூடாது. மஞ்சள் பின்னணியில் சிவப்பு நிறத்தில், கையால் அடித்து நிறுத்தத்தக்க தனி விசையாகவே அது இருக்க வேண்டும். திரை உறையலாம், கணிப்பொறி தாமதிக்கலாம். உயிர்காக்கும் விசை அவற்றை நம்பியிருத்தல் ஆகாது.

காரணப் பட்டியல் என்னும் கண்ணி

பணித்தள முனையத்தில் மிகவும் கவனமாக அமைக்கப்பட வேண்டியது, இயந்திரம் நின்றதற்கான காரணங்களின் பட்டியலே. அலுவலகத்தில் அமர்ந்து இதைத் தயாரிப்போர், எதிர்காலத்தில் எதுவும் விடுபடக் கூடாது என்று எண்ணி நாற்பது, ஐம்பது காரணங்களை எழுதிவிடுகின்றனர். பணித்தளத்தில் அது வேறு விதமாகப் பயன்படுகிறது. மீண்டும் இயந்திரத்தை ஓட்ட வேண்டும் என்ற அவசரத்தில் இருப்பவர், பட்டியலின் முதலில் உள்ளதைத் தொடுகிறார். அல்லது ‘மற்றவை’ என்பதைத் தொடுகிறார். மாத இறுதியில் அறிக்கையைக் காணும் நிருவாகம், முதலில் இருந்த காரணமே முதன்மைக் காரணம் என்று முடிவு செய்கிறது. வெட்டுக்கருவி கிடங்கிலிருந்து வரத் தாமதமானதே உண்மைக் காரணமாயிருக்க, இயந்திரப் பழுது என்ற பதிவை நம்பிப் பராமரிப்புக்குப் பணம் ஒதுக்கப்படுகிறது. கிடங்கின் தாமதம் அப்படியே தொடர்கிறது.

ஒரு பொத்தான் கணக்கை எவ்வளவு மாற்றும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். ஜப்பானிய அறிஞர் செய்ச்சி நகாஜிமா வகுத்த முழுமையான பராமரிப்பு முறையில், ஓர் இயந்திரத்தின் மொத்தப் பயன்திறன் மூன்று விகிதங்களின் பெருக்கமாகக் கணக்கிடப்படுகிறது. ஷிப்டு 480 நிமிடம். உணவு இடைவேளை 30 நிமிடம் போக, திட்டமிட்ட நேரம் 450 நிமிடம் என்க. இயந்திரம் 90 நிமிடம் நின்றது; ஓடியது 360 நிமிடம். எனவே கிடைத்த நேரம் 80 விழுக்காடு. ஒரு பொருளுக்கு 2 நிமிடம் தேவை. 150 பொருள்கள் வெட்டப்பட்டன. அதற்கு உரிய நேரம் 300 நிமிடம். ஆகவே வேகம் ஏறத்தாழ 83 விழுக்காடு. அவற்றுள் 144 நல்லவை. தரம் 96 விழுக்காடு. மூன்றையும் பெருக்கினால் மொத்தப் பயன்திறன் 64 விழுக்காடு.

இனி, நின்ற 90 நிமிடத்தில் 40 நிமிடம் ‘திட்டமிட்ட இடைவெளி’ என்னும் பொத்தானின்கீழ் பதிவானதாகக் கொள்வோர், திட்டமிட்ட நேரத்தை 410 நிமிடமாகக் குறைக்க வேண்டிவரும். கிடைத்த நேரம் ஏறத்தாழ 88 விழுக்காடாகிறது. மொத்தப் பயன்திறன் 70 விழுக்காட்டைத் தாண்டுகிறது. இயந்திரம் ஒரு பொருளைக்கூட மிகுதியாக வெட்டவில்லை. எவரும் பொய் சொல்ல எண்ணவும் இல்லை. இரண்டு பொத்தான்கள் அருகருகே இருந்தன, அவற்றின் பொருள் தெளிவாக இல்லை, அவ்வளவே. ஆறு விழுக்காடு முன்னேற்றம் என்று அறிக்கை கூறும். அதை நம்பி அடுத்த காலாண்டின் இலக்கு நிர்ணயிக்கப்படும். அவ்விலக்கை எட்ட முடியாதபோது பழி யார்மீது விழும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்குப் பரிகாரம் கடினமானதன்று. ஒவ்வொரு இயந்திரத்திற்கும் அதற்கு உண்மையில் நேரும் ஆறு அல்லது ஏழு காரணங்களை மட்டும் முதல் திரையில் காட்டலாம். அரிதானவற்றை அடுத்த திரையில் வைக்கலாம். ‘மற்றவை’ என்பதை முற்றிலும் எடுத்துவிடக் கூடாது. எடுத்துவிட்டால் பொருந்தாத காரணம் ஒன்றைத் தொழிலாளி தேடிப் பதிய நேரும். மாறாக, ‘மற்றவை’ எத்தனை முறை தொடப்பட்டது என்பதை மாதந்தோறும் பார்க்க வேண்டும். அது பெருகினால் பட்டியல் பிழையானது என்பதற்கு அதுவே சான்று. ஒரு பிரிவில் நேராத காரணம் அப்பிரிவின் திரையில் இருக்க வேண்டியதில்லை. வார்ப்பகத்தின் பட்டியலும் பூட்டுப்பிரிவின் பட்டியலும் ஒன்றாக இருக்க இயலாது.

திரை உண்மை கூற வேண்டும்

தொழிலாளியிடம் உண்மையை எதிர்பார்க்கும் திரை, தானும் அவரிடம் உண்மையைக் கூற வேண்டும். 1979ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள் அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையத்தில் நேர்ந்த விபத்து இதற்குப் பெரும் பாடம். திறந்த நிலையில் சிக்கிக்கொண்ட ஓர் அடைப்பிதழ் வழியே குளிர்நீர் வெளியேறிக்கொண்டிருந்தது. கட்டுப்பாட்டுப் பலகையில் இருந்த விளக்கோ, ‘மூடு’ என்ற ஆணை அனுப்பப்பட்டதை மட்டுமே காட்டியது. அடைப்பிதழ் உண்மையில் மூடியதா என்பதைக் காட்டவில்லை. இயக்குவோர் அது மூடியிருப்பதாகவே நம்பினர். இரண்டு மணி நேரத்திற்கும் மேலாக நீர் வெளியேறியது.

பணித்தள முனையத்தில் நேர்வது இத்தகைய பேராபத்து அன்று. ஆயினும் தவறின் தன்மை ஒன்றே. பொத்தானைத் தொட்டவுடன் ‘பதிவாயிற்று’ என்று திரை காட்டிவிடுகிறது. இணைப்பு அறுந்திருந்ததால் மையக் கணிப்பொறிக்கு எதுவும் சென்று சேர்ந்திருக்காது. ஷிப்டு முடிவில் கணக்கு குறைகிறது. செய்த வேலைக்குத் தொழிலாளி சான்று காட்ட முடிவதில்லை. மின்தடையும் இணைப்புத் தடையும் நேரக்கூடிய இடங்களில் முனையம் பதிவைத் தன்னிடமே சேமித்து, இணைப்பு வந்ததும் அனுப்ப வேண்டும். நிகழ்ந்த நேரத்தையே பதிய வேண்டும். சென்று சேர்ந்த நேரத்தை அன்று. ‘பெறப்பட்டது’, ‘காத்திருக்கிறது’ என்னும் இரு நிலைகளையும் பிரித்துக் காட்டுவது அமைப்பவரின் கடமை.

எச்சரிக்கைகளின் மிகுதியும் உண்மையை மறைக்கும். 1994ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் நாள் வேல்ஸ் நாட்டின் மில்ஃபோர்டு ஹேவன் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வெடிவிபத்து நேர்ந்து 26 பேர் காயமடைந்தனர். வெடிப்பதற்கு முந்தைய 11 நிமிடங்களில் இரண்டு இயக்குநர்கள் 275 எச்சரிக்கைகளை எதிர்கொள்ள வேண்டியிருந்தது என்று பிரிட்டனின் பாதுகாப்பு ஆணையகம் நடத்திய விசாரணை தெரிவித்தது. எல்லாமே அவசரமானால் எதுவும் அவசரமாகத் தோன்றாது. செய்வதற்கு ஒன்றும் இல்லாத செய்தியைச் சிவப்பில் மினுக்கச் செய்யும் திரை, உண்மையான ஆபத்தைக் கவனிக்காதிருக்கப் பயிற்சி அளிக்கிறது.

சொல்லின் மொழி

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், தன் 108ஆம் பிரிவில், தொழிற்கூடத்தில் வைக்கப்படும் அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் அங்குள்ள தொழிலாளரில் பெரும்பான்மையோருக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்று விதித்தது. சுவரில் ஒட்டும் தாளுக்குக் கூறப்பட்ட அறம், திரையில் தோன்றும் பொத்தானுக்கு இன்னும் மிகுதியாகப் பொருந்தும். சுவர்த்தாளை நாளில் ஒரு முறை பார்ப்பவர், பொத்தானை நூறு முறை தொடுகிறார்.

இந்தியத் தொழிற்கூடங்களில் இன்று ஒரே ஷிப்டில் மூன்று நான்கு மொழி பேசுவோர் வேலை செய்வது இயல்பாகிவிட்டது. குஜராத்தில் உள்ள ஆலையில் ஒடியா பேசுபவரும், கர்நாடகத்தில் உள்ள ஆலையில் இந்தி பேசுபவரும் அருகருகே நிற்கின்றனர். இந்திய எழுத்துகளைக் கணிப்பொறியில் குறிக்கும் தரம் 1991ஆம் ஆண்டிலேயே இந்தியத் தரநிருணய அமைப்பால் வெளியிடப்பட்டது. பின்னர் யூனிகோடு முறை பரவியது. அடையாள அட்டையைக் காட்டியவுடன் அவரவர் மொழியில் திரை மாறுவதற்கு இன்று தொழில்நுட்பத் தடை ஏதுமில்லை. தடையாக இருப்பது, மொழிபெயர்ப்பை இறுதி நாளில் செய்யும் வேலையாக ஒத்திவைக்கும் பழக்கமே. ஆங்கிலத்தின் நான்கெழுத்துச் சொல்லுக்கு ஏற்ப வரையப்பட்ட பொத்தானில் இந்திய மொழிச் சொல் அடங்காமல் பாதியில் அறுபடுகிறது. நீளமான சொல் எந்த மொழியில் உள்ளதோ, அதற்கு ஏற்பவே பொத்தானின் அளவைத் தொடக்கத்தில் நிர்ணயிக்க வேண்டும்.

எந்தச் சொல் என்பதும் ஆராயத்தக்கது. அகராதியில் தேடி எடுத்த தூய சொல், பட்டறையில் எவரும் வழங்காததாக இருக்கலாம். தொழிலாளர் ‘செட்டிங்’ என்றும் ‘டூல்’ என்றும் கூறுவார்களாயின், திரையிலும் அவையே இருப்பது நல்லது. மொழி வளர்ச்சிக்கு வேறு களங்கள் உண்டு. ஓடும் இயந்திரத்தின் முன் தெளிவே முதன்மையானது.

யார் அமைப்பது, எப்படி அமைப்பது

திரையை அமைப்பவர் முதலில் செய்ய வேண்டியது, மூன்று ஷிப்டுகளிலும் இயந்திரத்தின் அருகே நின்று பார்ப்பது. இரவு ஷிப்டின் வேலை பகல் ஷிப்டின் வேலையைப் போன்றதன்று. கிடங்கு மூடியிருக்கும், தரம் பார்ப்பவர் ஒருவரே இருப்பார். அடுத்து, திரையைத் தாளில் வரைந்து தொழிலாளியின் கையில் கொடுத்து, ‘டூல் உடைந்துவிட்டது, எதைத் தொடுவீர்கள்?’ என்று கேட்க வேண்டும். விரல் தயங்கும் இடமே திருத்த வேண்டிய இடம். தாளில் திருத்துவதற்குச் செலவில்லை. பின்னர் ஓர் இயந்திரத்தில் மட்டும் சில வாரங்கள் சோதித்து, பதிவான கணக்கையும் கண்ணால் எண்ணிய கணக்கையும் ஒப்பிட்டு, அதன்பின் பிரிவு முழுவதற்கும் விரிக்கலாம்.

அமைப்பை மாற்றும் உரிமை ஓரிருவரிடமே இருத்தல் வேண்டும். என்ன மாற்றப்பட்டது, எந்த நாளில், எவர் ஒப்புதலுடன் என்பது எழுதி வைக்கப்பட வேண்டும். காரணப் பட்டியலை மார்ச் மாதத்தில் மாற்றிவிட்டு, பிப்ரவரிக் கணக்குடன் ஏப்ரல் கணக்கை ஒப்பிடுவது பொருளற்றது. ஷிப்டின் நடுவில் பொத்தானை இடம் மாற்றுவது, வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது பிரேக்கை இடம் மாற்றுவதை ஒக்கும்.

தொழிலாளியின் அச்சத்தையும் ஒதுக்கிவிட இயலாது. திரை தம்மை வேவு பார்க்கிறது என்று எண்ணுபவர், தமக்குப் பாதுகாப்பான பொத்தானையே தொடுவார், உண்மையானதை அன்று. கழிவு எண்ணிக்கையைப் பதிந்த மறுநாளே விளக்கம் கேட்கும் தாள் வருமானால், அடுத்த நாளிலிருந்து கழிவு குறையும், கணக்கில் மட்டும். இதற்கு மாறான மரபு ஒன்று ஜப்பானில் வளர்ந்தது. சகிச்சி டொயோடா 1924ஆம் ஆண்டில் முழுமையாக்கிய தானியங்கித் தறி, நூல் அறுந்தால் தானே நின்றது. பழுதான துணி நெய்யப்படுவது தவிர்க்கப்பட்டது. அவர் பெயரில் தோன்றிய மோட்டார் தொழிற்சாலையில், குறை காணும் தொழிலாளி கயிற்றை இழுத்து அழைத்ததும் மேற்பார்வையாளர் ஓடிவரும் முறை ஏற்பட்டது. அங்கு நிறுத்துவது குற்றம் அன்று, கடமை. முனையத்தில் ‘உதவி’ என்ற பொத்தானை வைப்பது எளிது. அதைத் தொட்டால் எவர் வருவார், எத்தனை நிமிடத்தில் வருவார் என்பதை முடிவு செய்யாமல் வைத்தால், ஒரு வாரத்திற்குப் பின் அதை எவரும் தொடமாட்டார்கள்.

சிறுதொழிலுக்கும் இது பொருந்தும்

இவையெல்லாம் பெரிய ஆலைகளுக்கே உரியவை என்று எண்ணத் தேவையில்லை. பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறையில் விலையுயர்ந்த மென்பொருள் வேண்டியதில்லை. ‘தொடங்கு’, ‘நிறுத்தம்’, ‘முடி’ என்பவற்றையும் நான்கைந்து காரணங்களையும் பட்டைக்குறிகளாக அச்சிட்டு ஒரு தகட்டில் ஒட்டி, கையடக்கப் படிப்பான் ஒன்றை வைத்தாலே போதும். எண்ணெய்க் கையுடன் திரையைத் தொட வேண்டிய தொல்லையும் இல்லை. பொத்தான்களைக் குறைவாக வைத்தல், ஒவ்வொன்றின் பொருளையும் எல்லாரும் ஒப்புக்கொள்ளுதல் ஆகிய இரண்டும் அங்கும் அதே அளவு இன்றியமையாதவை.

1958ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட தேசிய உற்பத்தித்திறன் குழு நெடுங்காலமாக இத்துறையில் பயிற்சி அளித்து வந்துள்ளது. கனரகத் தொழில் அமைச்சகத்தின் சமர்த் உத்யோக் பாரத் 4.0 முயற்சியின்கீழ் புணே, டெல்லி, பெங்களூரு ஆகிய நகரங்களில் செயல்விளக்க மையங்கள் ஏற்பட்டன. இத்தகைய மையங்களில் எந்திர மனிதனையும் உணர்கருவிகளையும் காணச் செல்லும் மாணவர்கள், ஒரு சாதாரண முனையத்தின் முன்னும் சிறிது நேரம் நின்று, அதிலுள்ள ஒவ்வொரு பொத்தானும் ஏன் அங்கு இருக்கிறது என்று கேட்டுப் பழகுதல் நல்ல கல்வியாகும்.

அலுவலர்களுக்கும் இதில் ஒரு பொறுப்பு உண்டு. தொழிற்கூடத்தைக் கணிப்பொறிமயமாக்க நிதியுதவி கோரும் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும்போது, எத்தனை முனையங்கள், என்ன விலை என்று கேட்பதோடு நின்றுவிடாமல் வேறு சில கேள்விகளையும் கேட்கலாம். திரையில் எத்தனை பொத்தான்கள் உள்ளன? தொழிலாளியின் மொழியில் உள்ளனவா? நிறுத்தக் காரணங்களின் பட்டியலை யார் தயாரித்தனர்? சென்ற மாதம் ‘மற்றவை’ எத்தனை முறை தொடப்பட்டது? இணைப்பு அறுந்தால் பதிவு என்னாகும்? இக்கேள்விகளுக்கு உடனே விடை கூறும் தொழிற்கூடத்தின் கணக்கை நம்பலாம். விடை கூற இயலாத இடத்தில், ஒரு ஷிப்டு நேரம் இயந்திரத்தின் அருகே நின்று, திரை கூறும் எண்ணிக்கையையும் தட்டில் கிடக்கும் பொருள்களையும் எண்ணி ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே அடுத்த தவணைக்குப் பரிந்துரைப்பது முறையாகும்.